கொடைக்கானல் குளிரில் பிடிபட்ட மைலேஜ் கோளாறு

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணே, உங்க வண்டி மாதிரியே 2016 மாடல் ஒண்ணு வருது. 90,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. இந்த 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவியை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி மைலேஜ் கவலையிலேயே போனது.

விற்றவர் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வரும் என்றார். எனக்கு 9-ஐத் தொடவே இல்லை. டாஷ்போர்டு காட்டும் கணக்கை நான் நம்புவதில்லை. ஒரே பங்க்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்புவேன். டேங்க் காலியாக வரும்போது அதே பம்பில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுவேன். 402 கிலோமீட்டருக்கு 46.2 லிட்டர். அதாவது 8.7. மதுரை–திருச்சி நாற்கரச் சாலையில் 80-ஐத் தாண்டாமல் போய்வந்தும் பெரிதாக மாறவில்லை.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றினேன். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றி, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்ஜெக்டர் சுத்தம் செய்ததிலும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டியதிலும் 18,000 ரூபாய் போனது. கூடியது 0.2.

டயரில் மட்டும் ஒரு விஷயம் கிடைத்தது. வண்டியோடு வந்த அளவு 235/65 ஆர்17. பழைய உரிமையாளர் பார்வைக்காக 245/70 போட்டிருந்தார். அதன் விட்டம் 5 சதவீதம் பெரியது. ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 100 ஓடினால் ரோட்டில் 105. ஆக 8.7 என்பது உண்மையில் 9.1. கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

அப்புறம் போன டிசம்பரில் கொடைக்கானல் போனோம். விடியற்காலையில் பின் சீட்டில் பிள்ளைகள் நடுங்கவும் ஹீட்டரைப் போட்டேன். மதுரையில் அந்தப் பட்டனுக்கு வேலையே கிடையாது, அன்றுதான் முதல் தடவை. அரை மணி நேரம் ஓட்டியும் வெதுவெதுப்புகூட வரவில்லை. எஞ்சினைச் சுற்றிவரும் கூலண்டின் சூடுதானே ஹீட்டருக்கு வருகிறது? அந்தக் கூலண்டே சூடாகவில்லை என்றால்? டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதிக்குக் கீழேயே நிற்பதை இத்தனை நாளும் வண்டியின் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

எஞ்சின் கணினியில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டிக்கொண்டு மலை இறங்கினேன். வத்தலக்குண்டு தாண்டி சமவெளியில் ஓடும்போதும் கூலண்ட் 61 டிகிரி. 80-க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

பட்டறையில் கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. யாரோ எடுத்து வீசியிருக்கிறார்கள். "அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்னு நிறையப் பேர் கழட்டிருவாங்க" என்றார் மெக்கானிக். கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எஞ்சின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுப்பது அந்தச் சின்ன வால்வுதான். அது இல்லையென்றால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராது. ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வு கூடும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினியும் டீசலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான்!

82 டிகிரியில் திறக்கும் புது தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய். அடுத்த ஃபுல் டேங்க் கணக்கில் 451 கிலோமீட்டருக்கு 38.5 லிட்டர், அதாவது 11.7. டயர் கணக்கையும் சேர்த்தால் 12.3. விற்றவர் பொய் சொல்லவில்லை.

வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழு பேரோடு மலை ஏறினாலும் திணறாது. எட்டு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் இடுப்பு வலிக்காது. இதை விற்கும் எண்ணமும் இல்லை.

தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். 90,000 கிலோமீட்டரில் எத்தனை கை அந்த எஞ்சினைத் திறந்ததோ, எதைத் தேவையில்லை என்று கழற்றி வீசியதோ? பிடிவாதமாகக் கேட்டால், ஓட்டிப் பார்க்கும்போது இருபது நிமிடம் கழித்து ஹீட்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மே மாதமாக இருந்தாலும் சரி.