நெஸ்ட் ஓய்வூதியம்: கேட்காமலே சேர்த்துவிடும் திட்டம்

பிரிட்டனில் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களைச் சேர்க்கும்படி அரசு அமைத்த ஓய்வூதியத் திட்டம் நெஸ்ட்; அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்கு விண்ணப்பித்தவர்கள் அல்லர். சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம் தென்பட்ட பிறகே விவரம் அறிந்தவர்களும் உண்டு. 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் ஈட்டும் 22 வயது நிரம்பிய ஊழியரை நிறுவனமே ஓர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். விருப்பமில்லாதவர் ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும். படிவம் நிரப்பத் தயங்குகிற அதே மனம் விலகுவதற்கும் தயங்கும் என்னும் நடத்தை அறிவியலின் கணிப்பு பொய்க்கவில்லை: தகுதியுள்ள ஊழியர்களில் சேமிப்போர் 2012இல் ஏறக்குறைய 55 விழுக்காடு, பத்தாண்டுகளுக்குள் 88 விழுக்காடு.

கட்டணம் நியாயமானது. செலுத்தும் தொகையில் 1.8 விழுக்காடும், சேர்ந்த நிதியில் ஆண்டுக்கு 0.3 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறார்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கும் வரிச்சலுகைத் தொகை கணக்கில் சேர்வது, குறைந்த கூலிக்காரருக்கு நெஸ்டை ஏற்றதாக்குகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குறைந்தபட்சப் பங்களிப்பு 8 விழுக்காடு என்பது முழுச் சம்பளத்துக்கு அன்று, 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே. 20,000 பவுண்டு ஈட்டுபவருக்கு நிறுவனத்தின் பங்கும் வரிச்சலுகையும் உட்பட ஆண்டுக்குச் சேர்வது சுமார் 1,100 பவுண்டு, அதாவது சம்பளத்தில் ஐந்தரை விழுக்காடு. அரசே வைத்த அளவாயிற்றே, போதுமானதாகத்தான் இருக்கும் என்று பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே கொண்டுவந்து சேர்த்த அதே சோம்பல், மேலே ஏற விடுவதில்லை. இளையோர் தொடக்கத்திலேயே நட்டத்தைக் கண்டால் மிரண்டு வெளியேறுவார்கள் என்று அஞ்சி, ஆரம்ப காலத்தில் நெஸ்ட் அவர்களது முதல் சில ஆண்டுகளின் பணத்தை இடர் குறைந்த முதலீட்டில் வைத்தது. விலகுவோரே சிலர்தான் என்றான பின், அந்த எச்சரிக்கை சற்று மிகையாகவே எனக்குப் படுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை, வருமான வரம்பை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பார்ப்பது. இரண்டு கடைகளில் தலா 9,000 பவுண்டுக்கு வேலை செய்பவரை எந்த முதலாளியும் தாமாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சேர்க்கும்படி எழுதிக் கேட்டால், இரண்டு முதலாளிகளும் அவரைச் சேர்த்துத் தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும். யாருடைய சேமிப்பு மிக மெலிந்ததோ அவர்களிடம் மட்டும் விண்ணப்பத்தை எதிர்பார்க்கும் இந்த விதிக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன்.