மெல்லிய கீறலுக்குப் பொலிஷ்: கருநீல அக்ஸியோவில் சில வருட அனுபவம்

எங்கள் கார் கருநீல டொயோட்டா அக்ஸியோ. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. வாங்கும்போதே பொனட்டில் வெயில் படும் இடமெல்லாம் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். கதவுக் கைப்பிடிக் குழிகளில் நகக் கீறல்கள். பின் கதவில் எதுவோ உரசிப் போன ஒரு நீளக் கோடு. முதல் இரண்டும் பொலிஷில் போய்விட்டன, மூன்றாவது இன்றைக்கும் இருக்கிறது. செய்த பொலிஷ் இத்தனை வருடத்தில் எப்படி நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன்.

கீறலுக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் கையிலிருந்த காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பழைய கார் பார்க்க வருகிறவர்களும் முதலில் கேட்பது ‘ஒரிஜினல் பெயின்ட்டா?’ என்றுதான். நாலு கோட்டுக்காக ஒரு கதவுக்கு முழுதாகப் பெயின்ட் அடித்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பிறகு ஆம் என்று சொல்ல முடியாது. அதனால் என்னுடைய எண்ணம் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான்: கம்பெனி பெயின்ட்டை முடிந்தவரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

உண்மையான பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறது. சுற்றியுள்ள இடமும் அதே மட்டத்துக்கு வந்தவுடன் வெளிச்சம் சிதறுவது நிற்கிறது, கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தக் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரோன் வரைதான் இருக்கும், ஒரு தலைமயிரை விட மெல்லியது. ஒவ்வொரு பொலிஷிலும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது. ஆகவே இதை வருடாவருடம் செய்யும் வேலையாக நினைக்கவே கூடாது.

எந்தக் கீறல் போகும் என்று பார்க்க, எங்களுக்குப் பழக்கமான ஒரு பெயின்ட் பாஸ் (கார் பெயின்ட் அடிக்கும் கைவினைஞர்) சொல்லித் தந்த வழி சுலபமானது. “தம்பி, நகத்தைக் குறுக்கால இழுத்துப் பாருங்கோ. நகம் சிக்கினா விட்டிடுங்கோ, அதைத் தேய்ச்சா கிளியர் போயிடும்” என்றார். பொனட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. பின் கதவுக் கோட்டில் டக்கென்று நின்றது. அங்கேயே தீர்ப்பு முடிந்துவிட்டது.

முதலில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்ய விட்டோம். எடுத்து வந்த அன்று கண்ணாடி மாதிரி மினுங்கியது. சில தடவை கழுவியதும் பழைய கோடுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. கோட்டை எடுக்காமல், எண்ணெயும் நிரப்பியும் கலந்த பொலிஷால் மூடிவிட்டிருக்கிறார்கள். அதோடு, வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷின் விட்டுப்போன நிழல் வரிகள் வேறு. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் பெற்றோல் செட் விளக்குக்குக் கீழே நிறுத்தினால் பொனட் முழுக்க அலையலையாக ஓடும். வெள்ளைக் கார்க்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கருப்பு, கருநீலம் வைத்திருப்பவர்கள் மெஷின் பிடிப்பவரைப் பார்த்துத்தான் காரைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும், தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போன பிறகும் கோடு இல்லையென்றால் அது உண்மையான வேலை.

அடுத்த முறை ஒரு டூயல் ஆக்ஷன் மெஷினை இரவல் வாங்கி நானே செய்தேன். இதில் பேட் சுற்றிக்கொண்டே அலையவும் செய்வதால் சூடு ஓரிடத்தில் தங்காது, புதிதாகப் பழகுபவருக்கும் பெயின்ட்டை எரித்துவிடும் பயம் குறைவு. விளிம்புகளிலும் ரப்பர்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், விளிம்பில்தான் கிளியர் மிக மெல்லியதாக இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி இடமாகப் பிரித்துக்கொண்டு, பேட்டில் கடலை அளவில் சில சொட்டுப் பொலிஷ், குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி மெதுவாக நெடுக்கும் குறுக்குமாக இழுத்தேன். முதலில் மென்மையான ஃபோம் பேட், மென்மையான பொலிஷ். அதிலேயே கோடு போய்விட்டால் பொலிஷை விடக் கடுமையாகத் தேய்க்கும் கொம்பவுண்டைத் தொடவே தேவையில்லை. பொனட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது, ரூஃபுக்கு மட்டும் ஒரு படி கூடிய கொம்பவுண்ட் வேண்டியிருந்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு சீக்கிரம் ஏறும், அங்கே கையை இலேசாக வைத்துக்கொண்டேன். கைப்பிடிக் குழிகளுக்கு மெஷினே வேண்டாம். விரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றித் தேய்த்தபோது நகக் கீறல்கள் அழகாகப் போயின. இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு திருப்தி கிடைக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. வெயிலில் மட்டும் செய்யாதீர்கள், தகடு சுட்டால் பொலிஷ் காய்ந்து பொடியாகிவிடும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பொலிஷுக்கு முன்னால் கிளே போடுவதை, அதாவது களிமண் போன்ற கட்டியால் தேய்த்து ஒட்டிய துகளை எடுப்பதை, விடவே கூடாது. ரயில் பாதை கடலோரமாகத்தான் ஓடுகிறது, சக்கரத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்திக்கொள்ளும். கழுவிய காரைப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால் மணல்தாள் போல நெருடும். அதை எடுக்காமல் மெஷினை வைத்தால் அந்தத் துகள்களே புதுக் கோடு போடும்.

பொலிஷுக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமான பகுதி. எங்கள் தொடர்மாடியின் வொச்சர் அண்ணை காலையில் எல்லாக் கார்களையும் காய்ந்த துணியால் துடைத்துவிடுவார், அன்பாகச் செய்வதுதான். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பையும் புழுதியையும் கொண்டுவந்து கொட்டும் இடத்தில், காய்ந்த துணிதான் அந்த வட்டக் கோடுகளின் தாய். “அண்ணை, எங்கட காரை மட்டும் துடைக்க வேண்டாம், புழுதியோட இருக்கட்டும்” என்று சொன்னேன். “புழுதியோடயா?” என்று கேட்டார். பொனட்டை டோர்ச் வெளிச்சத்தில் காட்டி விளக்கினேன், அப்புறம் அவரே மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். இப்போது முதலில் தண்ணீரை மட்டும் அடித்து உப்பையும் புழுதியையும் இறக்கிவிட்டு, ஷம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி என்று வைத்துக் கழுவுகிறோம்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு பொனட்டில் மறுபடி சில கோடுகள் வந்திருக்கின்றன, டோர்ச் பிடித்துத் தேடினால்தான் தெரியும். மெஷினை மீண்டும் எடுக்கும் அளவுக்கு இல்லை. பொலிஷுக்கு மேல் காப்பாகப் பூசும் மெழுகு கொழும்பு வெயிலில் சில வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. அதனால் மாதக்கணக்கில் தாங்கும் செயற்கை சீலண்டுக்கு மாறிவிட்டேன். காக்கை எச்சத்தைக் கண்டவுடன் நனைத்து எடுத்துவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் அது அரித்த இடத்தைச் சீலண்டும் காப்பாற்றாது, மறுபடி கிளியரைத்தான் தேய்க்க வேண்டிவரும்.

பின் கதவுக் கோட்டின் ஓரங்களைக் கையால் கொஞ்சம் மழுக்கினேன், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கதவுச் சட்டத்தில் இருக்கும் தகட்டின் நிறக் குறியீட்டைச் சொல்லி டச்-அப் பெயின்ட் கலந்து வாங்கி, மெல்லிய தூரிகையால் கோட்டுக்குள் மட்டும் வைத்தேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் தெரியும். கதவுக்கு முழுதாகப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.