டொராண்டோ போன கிறிஸ்துமஸ் பெட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கூரியர் கடையைப் பற்றி எழுதுகிறேன். முன்பு எங்கள் சபையில் இருந்து டொராண்டோ போய்விட்ட குடும்பத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினோம். முதலூர் மஸ்கோத் அல்வா, முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, சபைக் காலண்டர், அப்புறம் பிள்ளைகள் கேரல் பவனி போன படங்கள்.

கடை அண்ணாச்சிக்குத் தொழில் தெரியும். "தேங்காய்ப்பால் அல்வா, எண்ணெய் கசியும்மா" என்று வேக்கம் பேக் போட்டு, மேலே இன்னொரு கவரும் சுற்றினார். காலண்டரைச் சுருட்டாமல் அட்டை வைத்து நிமிர்த்தினார்.

கட்டணம்தான் இடித்தது. பொருள் 5 கிலோ. ஆனால் 40×30×30 செ.மீ. பெட்டி. அதன் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, பெட்டி அடைக்கும் இடத்துக்கு 7.2 கிலோ என்று கணக்குப் போட்டார்கள். விமானக் கூரியரில் இது வழக்கம்தான், ஆனாலும் பேக்கிங்குக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சென்னை தாண்டியதும் டிராக்கிங் ஊமையாகிவிட்டது. போன் போட்டால் எடுக்க ஆளில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெட்டி போய்ச் சேர்ந்தது. வீடியோ காலில் அக்கா பிரித்துக் காட்டினார்: அல்வா அப்படியே இருந்தது, அச்சு முறுக்கு மட்டும் தூள். "பரவால்ல, ஸ்பூன்ல தின்போம்" என்றார்.

ஈஸ்டருக்கும் இங்கேதான் கொடுப்பேன். சின்னப் பெட்டியில், அச்சு முறுக்கு இல்லாமல்.