டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, வீட்டுக்கு வீடு எவ்வளவு? சென்னை–கோவை விமானம், என் கணக்கு

அப்பா சிங்காநல்லூரில் தனியாக இருக்கிறார். அதனால் மாதம் ஒரு தடவையாவது சென்னையிலிருந்து கோவைக்கு ஓட வேண்டும். 2019 முதல், நம் வீட்டைப் பூட்டும் நேரத்தையும் அப்பா வீட்டு கேட்டைத் திறக்கும் நேரத்தையும் போனில் குறித்து வைத்து வருகிறேன். கிறுக்குத்தனம்தான். ஆனால் டிக்கெட் போடும்போது கை கொடுப்பது அந்தக் குறிப்புதான்.

வான்வழியில் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 400 கி.மீ. ரயிலோ ரோடோ, 500ஐ ஒட்டி வரும். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் மணி முழுக்கப் பறக்கிற நேரம் அல்ல. இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பதுவரை உள்ள கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலே ஏறிப் பறந்து இறங்குவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. விசிறி வைத்த சின்ன விமானமான ஏடிஆர் என்றால் கொஞ்சம் கூட ஆகும்.

நேரம் கூடிக் குறைவதற்குப் பருவமும் ஒரு காரணம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். ஆடியில் மேற்குப் பக்கமாக ஏறி அப்படியே கோவைத் திசையில் போய்விடும். மார்கழியில் வடகிழக்குக் காற்று என்பதால் கிண்டிப் பக்கமாக கிழக்கே ஏறி, அப்புறம் வளைந்து திரும்ப வேண்டும். ஒரு தடவை ஜன்னலில் கடல் தெரிந்ததும் பக்கத்து சீட் பாட்டி என் கையைப் பிடித்து, "ஏந்தம்பி, இது கோயமுத்தூருக்குத்தானுங்களே போகுது?" என்றார். திரும்பும்வரை கையை விடவில்லை.

சரி, குறிப்புக்கு வருகிறேன். முதல் மூன்று வருடம் பெரம்பூரில் இருந்தோம். காலை 6 மணிக்கு கிளம்பினால் மீனம்பாக்கம் போய்ச் சேர ஏழேகால். 8.45 விமானம். 10 மணிக்கு கோவை. பெல்ட்டில் பெட்டி வர இருபது, இருபத்தைந்து நிமிடம். அப்பா வீட்டில் 10.40. ஆக 4 மணி 40 நிமிடம். பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கலில் கால் மணிதான் என்பதால், ராத்திரி ரயிலில் தூங்கிப் போவதே எனக்கு லாபமாகப் பட்டது.

2022இல் நங்கநல்லூருக்கு வந்தோம். கணக்கு தலைகீழாகிவிட்டது. நங்கநல்லூர் ரோடு மெட்ரோவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் விமான நிலையம். அதே 8.45 விமானத்துக்கு 7.20க்கு வீட்டைப் பூட்டுகிறேன். தோளில் ஒரு பை மட்டும், 7 கிலோவுக்குள். 10.25க்கு அப்பா கையால் காப்பி. 3 மணி 5 நிமிடம்.

ஏப்ரல் 2023இல் வந்தே பாரத் வந்ததும் ஆசையாக இரண்டு மாதம் அதில் போனேன். ரயிலுக்குள் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான், வண்டியும் அருமை. ஆனால் சென்ட்ரலுக்குப் போவதையும், கோவை ஜங்ஷனிலிருந்து சிங்காநல்லூர் போவதையும் சேர்த்தால் ஏழரை மணியைத் தாண்டுகிறது. சென்ட்ரல் பக்கம் வீடு இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கசப்பும் உண்டு. கடைசி விமானத்தை அரை மணி, முக்கால் மணி என்று தவணை முறையில் தள்ளி, கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அன்றிலிருந்து கடைசி விமானம் போடுவதில்லை. போகிப் பண்டிகைக் காலையும் அப்படித்தான். ஊரே டயரைக் கொளுத்திய புகையில் ஓடுபாதை தெரியாது.

இந்தப் பொங்கலுக்கு ராத்திரி ரயிலில்தான் போட்டிருக்கிறேன். சைடு லோயர் கிடைத்திருக்கிறது.