நத்தார் விடுமுறையில் நயாகரா வான் (van) சுற்றுலா: காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

நவம்பர் பிறந்தவுடன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளின் வாசல் கண்ணாடியில் ஒரு விளம்பரம் ஏறும். வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே படம் சுற்றும். "நத்தார் ஸ்பெசல், நயாகரா ஒரு நாள் சுற்றுலா. வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவோம். அருவிக்குப் பின்னால் போகும் சுரங்கத்துக்கு ரிக்கெற், கோபுர உணவகத்தில் இரவுச் சாப்பாடு, லைற் திருவிழா, எல்லாம் உள்ளடக்கம்." பெரியவர்களுக்கு 130 டொலர், பிள்ளைகளுக்கு 100. இந்த நத்தாருக்கு நாங்கள் ஆறு பேர் அந்த வானில் போய் வந்தோம். சொன்னவற்றில் ஒன்றுகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆளின் பெயரை இங்கே போடவில்லை. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று எழுதுகிறேன், அது போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா, அத்தான், பெறாமகன், கூடவே அம்மாவும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். நானும் என் பிள்ளையும் சேர்ந்தால் ஆறு பேர், எங்கள் காரில் ஐந்து பேர்தான் இருக்கலாம். என்னுடைய கணவருக்கு அந்தக் கிழமை முழுக்க இரவு வேலை. நத்தார் நேரம் வாடகைக்குப் பெரிய வான் கிடைப்பது குதிரைக் கொம்பு. ரொறன்ரோவிலிருந்து நயாகரா 130 கிலோமீற்றர் அளவு தூரம், பனி கொட்டும் நாளில் கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் ஓடுவதற்குப் பழக்கப்பட்ட கை வேண்டும். ஆகவே அந்த இலக்கத்துக்கு அடித்தேன்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அம்மாவை என்ர அம்மா மாதிரிப் பாத்துக் கூட்டிக்கொண்டு போவன்" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மரக்கறிச் சாப்பாடு, இரண்டையும் சொன்னேன். "எழுதிப்போட்டன் அக்கா." மொத்தம் 720 டொலர், அதற்கு மேல் 13 வீதம் எச்எஸ்ரி வரி, 93 டொலர் 60 சதம். கிரெடிட் கார்ட் எடுக்க மாட்டாராம், வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் ஈ-ட்ரான்ஸ்ஃபர் மட்டும்தானாம். அனுப்பியதும் வட்ஸ்அப்பில் பற்றுச்சீட்டின் படம் ஒன்று வந்தது.

டிசம்பர் 27, காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய வான் பதினொன்று இருபதுக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே சனம். எங்களை ஏற்றிய பிறகு மார்க்கம் நகரிலும் அப்புறம் பிரம்ப்டன் நகரிலும் ஆள் ஏற்றினார். கடைசியில் இருக்கைகளை விட ஆட்கள் கூட. ஒரு சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார், இந்த நாட்டில், நெடுஞ்சாலையில்! பின் வரிசைக்கு ஹீற்றர் எட்டவில்லை. கண்ணாடியின் உட்பக்கம் மூச்சுக்காற்று ஐஸாகப் படிந்திருந்தது, பெறாமகன் அதில் நகத்தால் பெயர் எழுதிக்கொண்டு வந்தான்.

எங்களை ஏற்றும்போது என் கணவர் ரயரைக் குனிந்து பார்த்தார். குளிர்கால ரயரில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த ஒரு சின்னம் இருக்கும். இதில் இல்லை. கேட்டதற்கு, "ஒன்டாரியோவில கட்டாயமில்லை அண்ணை" என்றார். உண்மைதான். கியூபெக்கில்தான் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். அம்மாவைத் தன் அம்மா போலப் பார்ப்பவருக்குச் சட்டம் சொல்லித்தான் ரயர் மாற்ற வேண்டுமா?

அருவிக்கு நேரே போகவில்லை. முதலில் ஒரு வைன் கடை. ஐஸ்வைன் அந்தப் பகுதியின் பெயர் போன சரக்கு. திராட்சையைக் கொடியிலேயே உறைய விட்டு, வெப்பநிலை கழித்தல் 8 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பறிப்பார்கள். விருப்பமானவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய விசயம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் சுற்றுலாவில் அது இருக்கவே இல்லை. வானில் வந்த முக்கால்வாசிப் பேர் குடிப்பதும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கே நின்றோம். எங்கள் வான் ஆட்கள் போத்தல் வாங்கும் ஒவ்வொரு முறையும் காசாளர் ஒரு சின்னக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெளிக்கிடும்போது நம்மாள் போய் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் வானில் ஏறினார். அத்தான் மரியாதைக்கு ஒரு போத்தல் வாங்கினார், பாவம்.

அருவியடிக்குப் போய்ச் சேர நாலு மணி. டிசம்பர் கடைசியில் அங்கே நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்ததும், வைன் கடையில் நிறுத்தியதும் சும்மா நடந்ததல்ல என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வெளிச்சம் போனால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது, கேட்கவும் ஒன்றும் மிஞ்சாது.

சுரங்க ரிக்கெற்றைக் கேட்டேன். "அருவி உறைஞ்சு போச்சக்கா, இண்டைக்குப் பூட்டியிட்டாங்கள்." எங்கள் முன்னால் தண்ணீர் இடி மாதிரி விழுந்துகொண்டிருக்கிறது! இந்த அருவி ஓடாமல் நின்றது 1848 மார்ச்சில். ஈரி ஏரியின் வாயை ஐஸ் அடைத்ததால் ஆற்றில் தண்ணீர் வராமல் போனது. அருவி உறைந்தது காரணமல்ல. சரி, ஆளோடு வாதாடவில்லை. அருவியோரத்தில் உள்ள டேபிள் ராக் கட்டடத்துக்குள் போய் ரிக்கெற் கவுன்ரரில் கேட்டேன். ஐஸ் காரணமாகக் கீழ் மேடையின் ஒரு பகுதிக்கு மட்டும் போக முடியாது, மற்றபடி திறந்துதான் இருக்கிறது என்றாள் அந்தப் பிள்ளை. என் காசில் ரிக்கெற் எடுத்து, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லிப்ற்றில் 125 அடி கீழே போனேன். பாறைக்குள் குடைந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை, சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் அதிரும். அம்மா சால்வையால் காதைப் பொத்திக்கொண்டு "முருகா" என்றா. மேலே வந்தபோது அவவின் ஜக்கெற் நுனியில் சாரல் பட்டு மணி மணியாக ஐஸ். அந்த நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

இரவுச் சாப்பாடு: கோபுரத்தில் பதிவு செய்ததை "அவங்கள் கான்சல் பண்ணிப்போட்டாங்கள்". அதற்குப் பதிலாகப் பொரித்த கோழிப் பெட்டி, அதுவும் ஆறியது. அம்மா நாலு உருளைக்கிழங்குத் துண்டோடு இருந்தா.

அடுத்ததுதான் எனக்கு இன்னும் கொதிப்பது. லைற் திருவிழா பார்க்க டஃபரின் தீவுகளுக்குள் திருப்ப முன்னர் வானை ஓரமாக நிறுத்திவிட்டு, "உள்ள போக ஆளுக்கு 15 டொலர், இது அரசாங்கக் காசு, எங்கட கணக்கில இல்லை" என்றார். அந்தத் திருவிழா இலவசம். விரும்பினால் வெளியேறும் இடத்தில் நன்கொடை போடலாம், அவ்வளவுதான். நான் வாய் திறக்க முன்னரே அத்தான் பர்ஸை எடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மாற்றிக்கொண்டு வந்த டொலர் தாள்கள். "விடுங்கோ தங்கச்சி, பிள்ளையள் பாக்கட்டும்" என்றார். எங்கள் ஆறு பேருக்கு 90 டொலர், மற்றவர்களும் கொடுத்தார்கள். வெளியே வரும்போது நன்கொடைப் பெட்டியோடு குளிரில் நின்றவருக்கு நம்மாள் கையைக் காட்டிவிட்டு வானை எடுத்தார். ஒரு சதம் போடவில்லை.

இவருடைய வியாபாரத்தின் முதலே இதுதான். நத்தார் கிழமையில் வானில் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். விருந்துக்கு வந்த சனத்துக்கு முன்னால் காசுக்காகச் சண்டை பிடிக்க மாட்டோம். பிடித்தால் அவர்கள்தான் கூசிப்போய், "எங்களால்தானே இந்தச் செலவு" என்று தாங்களே எடுத்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மேலதிகக் காசையும் என்னிடம் கேட்காமல் அத்தானின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

திரும்பி வரும்போது வீட்டு வாசலும் இல்லை. இரவு பதினொரு மணி தாண்டி, ஒரு பூட்டிய மோலின் கார் பார்க்கில் எல்லோரையும் இறக்கினார். தெருவெல்லாம் பனி, உள்ளே ஓட ஏலாதாம். முழங்கால் வருத்தக்காரியைப் பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஊபருக்குக் காத்திருந்தோம்.

அடுத்த நாள் காசைத் திருப்பிக் கேட்டு விபரமாக எழுதினேன். "அக்கா நீங்கள் சந்தோசமாத்தானே படம் எடுத்தனீங்கள்" என்று ஒரு குரல் செய்தி. பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். வங்கியில் கேட்டால், ஓட்டோ டெபொசிட் போட்ட கணக்குக்கு ஈ-ட்ரான்ஸ்ஃபர் போனால் உடனே விழுந்துவிடும், அதை நிறுத்தவோ திருப்பவோ வழியில்லை என்றார்கள். கிரெடிட் கார்ட் என்றால் கார்ட் நிறுவனத்திடம் தகராறு போட்டிருக்கலாம். கார்ட் எடுக்காததன் காரணம் அதுதான் போலும்.

அப்புறம் அந்தப் பற்றுச்சீட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். எச்எஸ்ரி 93.60 என்று போட்டிருக்கிறது, வரி இலக்கம் இல்லை. விளம்பரத்தில் உள்ள பெயர் ஒன்று, காசு போன கணக்கின் பெயர் வேறொன்று. ஒருவர் எச்எஸ்ரிக்குப் பதிவு செய்தவரா என்று கனடா வருமான வரித் திணைக்களத்தின் தளத்தில் இலக்கத்தைப் போட்டு யாரும் பார்க்கலாம். பதிவு செய்யாத சிறு வியாபாரி அந்த வரியை வாங்கவே கூடாது. ஆகவே காசு அனுப்ப முதல் அந்த இலக்கத்தைக் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே இப்படிப்பட்டவர்கள் சுருதி இறங்குவார்கள். வானுக்குக் கூலிக்கு ஆள் ஏற்றும் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுக்கும் சாதாரணக் காப்புறுதி அதை உள்ளடக்காது, விபத்தென்று வந்தால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

நயாகராவுக்கு வான்காரர் இல்லாமலும் போகலாம். பர்லிங்டன் வரை கோ (GO) என்ற பொதுப் போக்குவரத்து ரயில், அங்கிருந்து 12ஆம் இலக்க கோ பஸ் நயாகரா வரை போகும். நயாகரா ஊருக்குள் வீகோ (WEGO) பஸ் ஓடும். அருவியைக் கரையில் நின்று பார்க்கக் காசில்லை. படகு குளிர்காலத்தில் ஓடாது, டிசம்பரில் படகுச் சவாரி என்று யாரும் விற்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ரொறன்ரோவுக்குள்ளேயே சுற்றிக் காட்டுவதென்றால், சிஎன் கோபுரம் 25ஆம் திகதி பூட்டு, பக்கத்தில் இருக்கும் ரிப்ளீஸ் மீன் காட்சியகம் அன்றும் திறந்திருக்கும்.

ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன். வரி விசயம் தனியாக வருமான வரித் திணைக்களத்துக்குப் போகிறது. இதற்கிடையில் அதே விளம்பரம் பெப்ரவரி ஃபமிலி டே விடுமுறைக்கு மறுபடி வந்துவிட்டது, "நத்தார்" என்ற சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படத்தில் படகு நிறைய நீலக் கோட்டுப் போட்ட சனம் நிற்கும். கனடாப் பக்கப் படகில் சிவப்புக் கோட்டுத்தான் கொடுப்பார்கள், நீலம் அமெரிக்கப் பக்கத்துப் படகுக்குரியது. அந்தப் படத்தைக் கண்டால் ஆள் இவர்தான். 27ஆம் திகதி எங்களோடு மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் ஏறியவர்கள் இதை வாசித்தால், உங்களுக்கு வந்த பற்றுச்சீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துப் போடலாம்.