பிளிப்-அப் ஹெல்மெட்: மலையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

குன்னூர்க்காரன் நான். தேயிலை பேக்டரிகளில் மெஷின் சர்வீஸ் வேலை, இன்றைக்குக் கோத்தகிரி என்றால் நாளைக்கு மஞ்சூர், நடுவில் பார்ட்ஸ் வாங்கக் கோயம்புத்தூர் வரைக்கும் இறங்க வேண்டியிருக்கும். எல்லாம் பைக்கில்தான். தாடைப் பகுதியை மேலே தூக்கிக்கொள்கிற ஹெல்மெட்டுக்கு மாறி இது மூன்றாவது மழைக்காலம்.

இந்த வகை ஹெல்மெட்டைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் காற்றுச் சத்தம் ஜாஸ்தி, நூறில் போனால் விசில் அடிக்கிறது என்பார்கள். வாஸ்தவம்தான், கீல் இருக்கிற இடத்தில் காற்று புகுந்து சத்தம் போடும். ஆனால் மலையில் நூறில் எங்கே போவது? கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே முப்பது, நாற்பதுதான். காரமடை தாண்டி நேர் ரோடு வரும்போதுதான் அந்தச் சத்தம் எனக்கே ஞாபகம் வரும். இங்கே நம் பாடு வேறு: மூடுபனி, தூறல், விறைத்த விரல், அடிக்கடி நிறுத்தி எடுக்கிற வண்டி.

எனக்கு மூக்குக் கண்ணாடி உண்டு. முழு ஹெல்மெட் போட்ட காலத்தில் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, அப்புறம் குளிரில் மரத்த விரலால் கண்ணாடிக் காலைக் கன்னப் பஞ்சுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் திணிக்க வேண்டும். ஒவ்வொரு பேக்டரி வாசலிலும் இதே கூத்து. இப்போது கண்ணாடியோடு அப்படியே மாட்டித் தாடையை இறக்கினால் வேலை முடிந்தது. கல்லாறு செக்போஸ்டில் நிறுத்தினால் தாடையைத் தூக்கி, பையில் பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பர்லியாரில் டீயும் ஹெல்மெட்டோடேயே ஆகிறது. கொடுத்த காசு எனக்கு இங்கேதான் தேறியது, வண்டி நிற்கிற நேரத்தில்.

ஓடும்போது தாடை கீழேதான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் 1 முதல் நாட்டில் விற்கவே கூடாது, அது எல்லா ஹெல்மெட்டுக்கும் பொது. ஐரோப்பிய இ.சி.இ. சான்றும் இருந்தால் வாரில் தைத்திருக்கிற லேபிளைப் பாருங்கள். ‘பி/ஜே’ (P/J) என்று இருந்தால் தாடை மூடியும் திறந்தும் இரண்டு நிலையிலும் சோதித்துத் தேறியது, வெறும் ‘பி’ (P) என்றால் மூடிய நிலைக்கு மட்டும், ‘என்.பி.’ (NP) என்றால் அந்தத் தாடையைப் பாதுகாப்புக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. பி/ஜே இருந்தாலும்கூட, நெற்றிக்கு மேல் தாடை நீட்டிக்கொண்டிருக்க வளைவில் தலையைத் திருப்பினால் காற்று பிடித்து இழுக்கும், கழுத்துக்கு வேதனை. தாடையைப் பின்னந்தலை வரை சுற்றிக் கொண்டுபோகிற மாடலில் அந்தத் தொல்லை குறைவு. அப்படியும் விழுந்தால் முகம் திறந்த முகம்தான்.

இனி பனி. கட்டபெட்டு பக்கம் மூடுபனிக்குள் நுழைந்தால், சாதாரண வைசரில், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்குகிற கண்ணாடியில், நம் மூச்சே உள்பக்கம் படிந்து ஒன்றும் தெரியாது. கொஞ்சம் திறந்தால் தூறல் மூக்குக் கண்ணாடியில் அடிக்கும். இதற்கு மருந்து பின்லாக். வைசருக்கு உள்பக்கம் இன்னொரு மெல்லிய தகடு, சுற்றிலும் சிலிக்கான் விளிம்பு, நடுவில் அடைபட்ட காற்று. வெளிக் குளிர் உள் தகட்டுக்கு வந்து சேராததால் மூச்சு பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் படியாது, அந்தத் தகடும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஹெல்மெட்டில் கூடுதலாகக் காசு போடுவதென்றால் முதலில் இதற்குப் போடுங்கள், தாடை தூக்குவதெல்லாம் அப்புறம்தான். ஆனால் மூக்குக் கண்ணாடி மேல் படிகிற பனிக்கு இது ஒன்றும் செய்யாது. பஸ் பின்னால் ஊர்ந்து போகும்போது தாடைக் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைப்பேன், அடியோடு நின்றுவிட்டால் தாடையை ஒரு நொடி தூக்கி இறக்கினால் போதும். உள்ளே இறங்குகிற கறுப்புக் கண்ணாடிக்குப் பின்லாக் கிடையாது, பனியில் அதைத் தொடவே வேண்டாம். வைசரின் வெளிப்பக்கத் துளிகளை இடது கை ஆள்காட்டி விரலால் வழித்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

போன மழையில் பின்லாக் ஓரத்தில் புழு மாதிரி ஒரு ஈரக்கோடு விழுந்தது. தகட்டைப் பிடித்திருக்கிற ஆணிகளின் அச்சு சரியாக நடுவில் இருக்காது, அதனால் அவற்றை லேசாகத் திருப்பினால் தகடு இறுகி உட்கார்ந்துவிடும். துடைக்க ஈரமான மெத்துத் துணி மட்டும் போதும், டிஷ்யூ வைத்தால் கீறல்தான்.

தாடைக் கொக்கிகள் உலோகத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியதும் இரண்டு பக்கமும் ‘டக்’ கேட்க வேண்டும், கேட்டாலும் உள்ளங்கையால் ஒரு தடவை மேலே தள்ளிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு கட்டத்தில் இடது பக்கம் தாமதமாக விழ ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கொக்கிக்குள் பழுப்பாகத் தேயிலைத் தூசு, பேக்டரியில் சல்லடை ஓடும்போது பறக்கிற பஞ்சு மாதிரியான அதேதான்! பழைய டூத் பிரஷ், கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், சரியாகிவிட்டது. பெட்ரோலைத் தொட்டுத் துடைக்காதீர்கள், பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்துவிடும்.

ஜூலையில் உள்துணி காயவே காயாது. அதற்காகக் கணப்புப் பக்கம் வைத்துவிட வேண்டாம், உள்ளே இருக்கிற தெர்மாகோல் சூட்டில் கெட்டுப்போகும், அடியைத் தாங்குவதே அதுதான். துணியை மட்டும் கழற்றி உலர்த்துங்கள், மாற்றுக்கு இன்னொரு செட் இருந்தால் நல்லது. எனக்கு அதை வரவழைத்துக் கொடுக்கவே கடைக்காரர் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டார்.

எடை கூடத்தான். என்னுடையது ஒன்றே முக்கால் கிலோவை நெருங்கும், கோவை போய்த் திரும்பிய அன்று ராத்திரி கழுத்து சொல்லும். கம்பளிக் குல்லாவுக்கு மேல் மாட்டுகிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. குல்லா இருக்கும்போது இறுக்கமாகவும் இல்லாதபோது தொளதொளவென்றும் இருக்கிற ஹெல்மெட் எதற்கும் உதவாது, மெல்லிய முகமூடித் துணி போதும். வாங்கப் போகும்போது அந்தத் துணியையும் மூக்குக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், கடைக்குள்ளேயே ஒரு கால்மணி நேரம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.