லக்கன்பாக், டெக்சஸ்: வேய்லன் ஜென்னிங்ஸ் பாட்டில் கேட்க வேண்டியதும் வாசிக்க வேண்டியதும்

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வேய்லன் ஜென்னிங்ஸ் 1977இல் பாடிய ‘லக்கன்பாக், டெக்சஸ்’ பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 6 வாரம் முதலிடத்தில் இருந்தது. பொதுப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது. ‘ஓல் வேய்லன்’ ஆல்பத்தைப் போட்டால் முதலில் வருவது இதுதான். எளிய வாழ்க்கையைப் புகழும் பாட்டு என்று இதைச் சொல்வார்கள். காதில் விழுவது, வசதி வந்த பிறகு சண்டையும் சேர்ந்து வந்த ஒரு வீட்டில், களைத்துப்போன ஒருவன் தன் துணையிடம் லக்கன்பாக் என்ற சின்ன ஊருக்கு ‘வா, போயிடலாம்’ என்று கெஞ்சும் குரல்.

வைர மோதிரத்தை விற்று பூட்ஸும் வெளுத்த ஜீன்ஸும் வாங்கலாம் என்கிறான். கோட்டும் டையும் கழுத்தை நெரிக்கின்றன. நாலு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது, இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கராஜ் வரிதான் பாட்டிலேயே சிறந்தது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை ஒரே ஒரு கட்டடத்தில் காட்டிவிடுகிறது. தம்பதி சண்டைக்கு ஹாட்ஃபீல்ட், மெக்காய் என்ற இரு குடும்பங்களை உவமை சொல்கிறான். மேற்கு வர்ஜினியா, கென்டக்கி எல்லையில் 19ஆம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற குடும்பங்கள் அவை. தெரிந்துகொண்டு கேட்டால் வரி கனக்கும்.

குறையும் உண்டு. தொடக்கத்தில் நல்ல கிட்டாரையும் பெண்ணையும் ஒரே தட்டில் வைக்கும் வரி இன்று காதில் உறுத்துகிறது. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று கடைசி வரை ஒரு சொல்லும் இல்லை, அவள் அழுகிறாள் என்பதைத் தவிர.

எழுதியவர்கள் சிப்ஸ் மோமனும் பாபி எம்மன்ஸும். அவர்களும் சரி, வேய்லனும் சரி, பாட்டு பதிவானபோது அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பாட்டு தனக்குப் பிடிக்காது என்று வேய்லன் வெளிப்படையாகவே சொன்னார். ஊர் நிஜம்: டெக்சஸில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பழைய கடை, ஒரு நடனக் கூடம், மக்கள்தொகை 3 என்ற பலகை. பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் 1973இல் அங்கேயே ஓர் ஆல்பம் பதிவு செய்திருந்தார், பேர் அப்படித்தான் பரவியது. பார்க்காத ஊர் என்பதால்தான் ஏக்கம் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

கடைசிப் பல்லவியில் இன்னொரு கன்ட்ரி பாடகரான வில்லி நெல்சன் வருகிறார். அந்த இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். வேய்லனின் கனத்த குரலுக்குப் பக்கத்தில் மெல்லிய, மூக்கு கலந்த குரல். பல்லவியில் வரும் ‘வேய்லன், வில்லி’ என்ற பேர் வரிசையைத் திருப்பித் தன் பேரை முன்னால் போட்டுக்கொள்கிறார். அதே பல்லவியில் பழைய கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் வலிப்பாட்டுகளோடு பேர் சொல்லப்படும் ‘ப்ளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்’ 1975இல் வில்லியே பாடிப் புகழ்பெற்றது. அவர் வாயாலேயே அதைக் கேட்கும்போது இரு நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும்.

கிட்டாரில் வாசிக்க மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும்: ஏ, டி, இ. சுருதி குரலுக்குத் தாழ்வாக இருந்தால் கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போட்டுக்கொள்ளலாம். முழுக் கார்டையும் ஓயாமல் அடிப்பதுதான் வழக்கமான தப்பு, பாட்டு உடனே இரைச்சலாகிவிடும். தாளத்தின் நான்கு அடிகளில் முதல் அடிக்கு பேஸ் கம்பி (தடித்த கம்பி) மட்டும், இரண்டாவதற்கு மேல் கம்பிகளில் லேசான வருடல், மூன்றாவதற்கு வேறொரு பேஸ் கம்பி, நான்காவதற்கு மறுபடி வருடல். ஏ கார்டில் 5ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் மாறி மாறி, டியில் 4, 5, இயில் 6, 5. தொடக்க வரிகளைத் தாளத்தோடு ஒட்டிப் பாட வேண்டாம். பேசுவது போல, அடிக்குக் கொஞ்சம் பின்தங்கியே வர வேண்டும். அவசரப்பட்டால் களைப்பு போய்விடும், கும்மாளப் பாட்டாகிவிடும். இருவர் பாடுவதானால் இரண்டாமவர் கடைசிப் பல்லவி வரை வாயே திறக்கக்கூடாது.